விபத்தாகக் கொள்ளப்படும் நோய்: தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட வரலாற்றில் ஒரு சொல்லாட்சி

வேலையின்போது கையை இழந்த தொழிலாளி ஒருவர் முதலாளியிடம் இழப்பீடு பெறுவதற்குரிய வழி, இந்தியாவில் 1923க்கு முன்னர் நடைமுறையில் இல்லையென்றே சொல்லவேண்டும். உயிரிழப்பு விபத்துகள் குறித்த 1855ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. எனினும் அது இறந்தவரின் குடும்பத்தார்க்கே உரியது. முதலாளியின் தவறு மெய்ப்பிக்கப்பட்டாலன்றிப் பயன்தராதது. உடன் வேலைசெய்பவரின் கவனக்குறைவால் நேர்ந்த ஊறுக்கு முதலாளி பொறுப்பாளியல்லர் என்பதும், ஆபத்தை அறிந்தே தொழிலாளி வேலைக்கு வந்தார் என்பதும் ஆங்கிலப் பொதுச்சட்டம் முதலாளிக்கு வழங்கிய கேடயங்களாகும். ஜெர்மனியில் 1884இலும் இங்கிலாந்தில் 1897இலும் வந்த சட்டங்கள் இந்நிலையை மாற்றின. தவறு யாருடையது என்னும் வினாவை ஒதுக்கிவிட்டு, ஊறு வேலையோடு தொடர்புடையதா என்பதை மட்டுமே அவை வினவின.

1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்தியத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் (1923ஆம் ஆண்டின் எட்டாவது சட்டம்) இவ்வழியையே பின்பற்றியது. அதன் மூன்றாம் பிரிவு, 'வேலையிலிருந்து எழுந்ததும் வேலையின் போக்கில் நேர்ந்ததுமான விபத்து' என்னும் பொருள்பட அமைந்தது. இத்தொடரிலுள்ள 'உம்' இரண்டும் முதன்மையானவை. காரணத் தொடர்பும் வேண்டும், காலஇடத் தொடர்பும் வேண்டும். பிற்கால வழக்குகளுட் பல இவ்விரண்டு உம்மைகளைச் சுற்றியே நிகழ்ந்தன எனலாம். போர்பந்தர் அருகே உப்பளத்திலிருந்து திரும்பிய தொழிலாளர்கள் பொதுமக்களும் பயன்படுத்தும் படகு கவிழ்ந்து இறந்த வழக்கில், அது வேலையின் போக்கில் நேர்ந்ததன்று என 1958இல் உச்சநீதிமன்றம் கூறியது. பம்பாயில் பணிமுடிந்து வேறொரு நிறுவனப் பேருந்தில் வீடு திரும்பிய ஓட்டுநர் விபத்தில் இறந்த வழக்கிலோ, 1963இல் அதே நீதிமன்றம் இழப்பீட்டுக்கு இசைந்தது. வேலையிடத்தின் எல்லை கருத்தளவில் நீளக்கூடியது என்னும் கொள்கை இவ்வழக்குகளிற் பேசப்பட்டது. படகுக்கும் பேருந்துக்கும் இடையே நீதிமன்றம் கண்ட வேறுபாடு சட்ட நோக்கில் ஏற்கத்தக்கதே. ஆயினும் இறந்தோரின் வீடுகளிலிருந்து நோக்குவார்க்கு அஃது எளிதில் விளங்குவதன்று.

விபத்தைப் பொறுத்தவரை சட்டம் காலப்போக்கில் தொழிலாளிக்கு இணக்கமாகவே நகர்ந்துள்ளது. ஊனம் பத்து நாள்களுக்கு மேல் நீடித்தால்தான் இழப்பீடு என்றிருந்தது, 1933இல் ஏழு நாள்களாகவும் 1959இல் மூன்று நாள்களாகவும் குறைந்தது. தற்காலிகத் தொழிலாளரை விலக்கிய சொற்கள் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டன. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் 'ஆண் தொழிலாளி'யைச் சுட்டிய ஆங்கிலச் சொல்லை மாற்றிப் 'பணியாளர்' என்றாக்கியது; உயிரிழப்புக்கான குறைந்த அளவுத் தொகையை 1,20,000 ரூபாயாக உயர்த்தியது.

நோயின் வரலாறு இவ்வளவு நேரானதன்று. ஒரு நொடியில் நிகழ்வது விபத்து; பல்லாண்டு மூச்சில் படிவது நோய். இரண்டையும் ஒரே சட்டத்துள் அடக்க வரைவாளர்கள் கையாண்ட கருவி 'கொள்ளப்படும்' என்னும் வினைச்சொல்லே. அட்டவணையிற் கண்ட நோய் அட்டவணையிற் கண்ட வேலையிலிருப்பவர்க்கு வந்தால், அது விபத்தால் நேர்ந்த ஊறாகக் 'கொள்ளப்படும்'. 1923இல் ஆந்த்ராக்ஸ், ஈயநஞ்சு, பாஸ்பரஸ் நஞ்சு போன்ற ஒருசிலவே இடம்பெற்றன. பின்னர் அட்டவணை மூன்று பகுதிகளாக விரிந்து, கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸ், கல்நார்த் தூசியால் வரும் அஸ்பெஸ்டோசிஸ், பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் முதலியன சேர்ந்தன. பல முதலாளிகளிடம் மாறிமாறி வேலைசெய்தவருக்கு மூன்றாம் பகுதியிலுள்ள நோய் வந்தால், அவர்கள் அனைவரும் விகிதப்படி பொறுப்பேற்க வேண்டும் என்னும் விதியும் உண்டாயிற்று. இது நல்ல விதியே. ஆனால் பெயர்ப்பதிவே இல்லாத கல்லுடைப்புக் கூடங்களில் முதலாளிகளின் பட்டியலை யார் தருவது?

விபத்தாகக் கொண்டபின், அதற்கு ஒரு நாளும் வேண்டியதாயிற்று. கோரிக்கை விண்ணப்பத்திற்கான கால வரம்பு விபத்து நாளிலிருந்தே எண்ணப்படுவது. எனவே பத்தாம் பிரிவு இன்னொரு புனைவைச் சேர்த்தது: நோயால் முடங்கித் தொடர்ந்து வேலைக்கு வாராதிருந்த நாள்களுள் முதல் நாளே விபத்து நாள். வேலையை விட்டபின் இரண்டு ஆண்டுக்குள் நோய்க்குறி தோன்றினால், அது முதன்முதற் கண்டறியப்பட்ட நாளே விபத்து நாள். தக்க காரணமிருப்பின் காலத்தாழ்வை ஆணையர் பொறுத்துக்கொள்ளலாம் என்பது உண்மையே. எனினும் சிலிக்கோசிஸ் வேலையை விட்டுப் பல்லாண்டு கழித்தும் வெளிப்படக்கூடியது. காசநோயென்று பிழையாக அறியப்பட்டு மருத்துவம் பெறுவோரும் பலர். இந்நோயின் இயல்பை அந்த இரண்டு ஆண்டு அறியாதது.

1995 ஜனவரியில் கல்நார் தொழிலாளர் குறித்து உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பை இதனோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த அவ்வழக்கில், தொழிலாளியின் உடல்நலப் பதிவேடுகளை வேலை தொடங்கியதிலிருந்து 40 ஆண்டு அல்லது ஓய்வுக்குப்பின் 15 ஆண்டு காத்துவைக்கவேண்டும் என நீதிமன்றம் ஆணையிட்டது. உடல்நலம் பெறும் உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்றும் கூறியது. சட்டமன்றம் இரண்டு ஆண்டில் நிறுத்திய கணக்கை, நீதிமன்றம் நோயின் கணக்கில் எண்ணியது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

2016 மே மாதத்தில் வந்த ஆணை இன்னும் நெருடலானது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர்ப் பகுதிப் பழங்குடியினர் குஜராத்தின் கோத்ராப் பகுதியில் படிகக்கல் அரைக்கும் ஆலைகளில் வேலைசெய்து, ஊர் திரும்பிச் சிலிக்கோசிஸால் இறந்தனர். இறந்தோர் 238 பேரின் குடும்பத்தார்க்குத் தலா மூன்று இலட்ச ரூபாய் வழங்குமாறு குஜராத் அரசுக்கு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. இழப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படை முதலாளியின் பொறுப்பு; இங்கோ கொடுத்தது அரசின் கருவூலம். 2019இல் ராஜஸ்தான் அரசு கொணர்ந்த நுரையீரல் தூசிநோய்க் கொள்கையும் நோயுற்றவர்க்கு அரசே உதவித்தொகை வழங்கும் வழியில் அமைந்ததாகும்.

1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் உள்ளது. 2025 நவம்பர் 21இல் அது நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்தும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்படின், அதில் அடங்கும்; போர்பந்தர்ப் படகு இன்று கவிழ்ந்திருந்தால் வழக்கு வேறாகியிருக்கும். நோய் மட்டும், 1923இல் போலவே, விபத்தாகக் 'கொள்ளப்படுகிறது'.