ஸ்பார்ட்டகஸ்

கி.மு. 73-இல் கப்புவாவிலிருந்து தப்பி ரோமை நடுங்கவைத்த அடிமைத் தலைவனின் பெயர் திரேசியப் பெயர்; கடைசி ‘உஸ்’ மட்டுமே லத்தீன் ஒட்டு. ஸ்பார்ட்டா நகரோடு இதை முடிச்சுப்போடுவது வெறும் ஒலிமயக்கம். இதன் உறவுகள் அரச குலங்களில் இருக்கின்றன: கி.மு. 438-இல் கருங்கடலின் வடகரையில் ஆட்சியைப் பிடித்த ஸ்பார்டோகோஸ், திரேசியாவின் ஓட்ரிசிய அரசன் ஸ்பாரடோகோஸ்.

பொருள்தான் சிக்கல். திரேசிய மொழியில் எஞ்சியவை சில கல்வெட்டுகள், ஒரு மோதிர வாசகம், பிறகு பெயர்கள், பெயர்கள். ‘ஸ்பர’ என்பதை ஈட்டி என்றும், முழுப்பெயரை ‘ஈட்டியால் புகழ்பெற்றவன்’ என்றும் கொள்வார் உண்டு. ஊகம்தான்; ஆனால் ஸ்பாரடோகோஸின் வெள்ளிக்காசில் குதிரைவீரன் ஏந்தியிருப்பது இரண்டு ஈட்டிகள். அவன் பெயரின் பின்பாதியான ‘டோகோஸ்’ மேடோகோஸ், அமடோகோஸ் ஆகிய அரசர் பெயர்களிலும் வரும்.