புத்தகக் கடையா, பத்திரிகையா? பிராடிஜி தீர்ப்பும் பதிவு நீக்கும் உரிமையின் தோற்றமும்

தனியாருக்குச் சொந்தமான இணையத் தளங்கள் பயனரின் பதிவை நீக்கும் அதிகாரத்தை எங்கிருந்து பெற்றன? அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலுள்ள பிரிவு 230 என்பதே வழக்கமான விடை. இந்த விடைக்கு வலுவான வரலாற்று வடிவம் தந்தவர் ஜெஃப் காசெஃப். அப்பிரிவின் இருபத்தாறு சொற்களே இணையத்தைப் படைத்தன என்று 2019இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பே அறிவிக்கிறது. அந்நூலின் உழைப்பு பெரிது. ஆயினும் அது காட்டும் கால்வழி பாதிதான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

காசெஃப் புத்தகக் கடைக்காரரிலிருந்து தொடங்குகிறார். கடையிலுள்ள நூலில் என்ன இருக்கிறது என்று அறியாத விற்பனையாளரை அதற்காகத் தண்டிக்க முடியாது என்று 1959இல் ஸ்மித் எதிர் கலிஃபோர்னியா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1991இல் கம்ப்யூசர்வ் வழக்கில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அதே தர்க்கத்தைக் கணினிச் சேவைக்கும் பொருத்தியது. 1995இல் பிராடிஜி என்ற கணினிவழிச் சேவை நிறுவனத்துக்கு எதிரான தீர்ப்பு அதற்கு மாறாக அமைந்தது. மறு ஆண்டே காங்கிரஸ் அதைச் சரிசெய்தது. வரிசை நேராகத்தான் இருக்கிறது. ஆனால் இது பழியை யார் சுமப்பது என்பதன் வரலாறு. நீக்கும் உரிமையின் வரலாறு அன்று. புத்தகக் கடைக்காரர் தாம் விற்கும் நூலின் பக்கங்களைக் கிழிப்பதில்லை. வெட்டவும் தள்ளவும் செய்பவர் பத்திரிகை ஆசிரியர். காசெஃபின் சட்டகத்தில் அவருக்கு இடம் குறைவு.

அந்த ஆசிரியரைக் காண 1995 மே 24 அன்று நீதிபதி ஸ்டூவர்ட் எயின் அளித்த தீர்ப்பை ஊன்றிப் படிக்க வேண்டும். பிராடிஜியின் 'மணி டாக்' பகுதியில் 1994 அக்டோபரில் பெயரிலி ஒருவர் ஸ்ட்ராட்டன் ஓக்மாண்ட் என்ற பங்குத் தரகு நிறுவனத்தை மோசடிக் கும்பல் என்று எழுதினார். நிறுவனம் 20 கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. பிராடிஜியைப் பதிப்பாளர் என்று கொள்ள நீதிபதி சுட்டிய சான்றுகளில் உள்ளடக்க நெறிகள், தகாத சொற்களை வடிகட்டும் மென்பொருள், நீக்கும் அதிகாரம் பெற்ற குழுத் தலைவர்கள் ஆகியவற்றோடு பிராடிஜியின் சொந்த எழுத்தும் இருந்தது. அதன் அதிகாரி ஜெஃப்ரி மூர், குடும்பங்களின் பண்பாட்டுக்கேற்ற மதிப்பீடுகளைத் தாம் காப்பதாகவும், பொறுப்புள்ள எந்தச் செய்தித்தாளும் அதைத்தான் செய்யும் என்றும் எழுதியிருந்தார். 1990இல் மின்னஞ்சல் கட்டண மாற்றத்தை எதிர்த்துக் கிளர்ந்த உறுப்பினர்களைப் பிராடிஜி வெளியேற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் மூர் இந்த ஆசிரியர் உரிமையை வெளிப்படையாகவே கோரினார். பிரிவு 230 பிறக்க அப்போது ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

தன் கொள்கை பின்னர் மாறிவிட்டது என்றும், நாளொன்றுக்கு 60,000 செய்திகளை ஆள்வைத்துப் படித்துப் பார்க்க இயலாது என்றும் பிராடிஜி வாதிட்டது. மாற்றத்துக்கு ஆவணமோ விரிவான விளக்கமோ தரப்படவில்லை என்று நீதிபதி குறித்தார். எனவே அம்மாற்றத்தின் காலத்தைத் தீர்ப்பை மட்டும் வைத்து வரையறுப்பது சரியாகாது. பழைய நடைமுறை 1994க்கு வெகு முன்பே நின்றிருந்தால், பிராடிஜி தண்டிக்கப்பட்டது பெரிதும் அதன் உரிமைகோரலுக்காகவே என்றாகும். எவ்வாறாயினும், ஆசிரியர் என்ற தகுதியை நீதிபதி மறுக்கவில்லை. அதை ஏற்று, அதற்குரிய விலையைத்தான் கேட்டார்.

காங்கிரஸ் செய்தது அந்த விலையைத் தள்ளுபடி செய்ததே. காசெஃபின் இருபத்தாறு சொற்களுக்கு அடுத்து வரும் உட்பிரிவு, அரசமைப்பின் காப்புப் பெற்ற பேச்சாயினும் ஆட்சேபத்துக்குரியது என்று நல்லெண்ணத்தோடு கருதி நீக்குபவருக்குப் பொறுப்பிலிருந்து விலக்களிக்கிறது. நீக்கும் அதிகாரத்தை அது வழங்கவில்லை. அதிகாரம் ஏற்கெனவே உண்டு என்ற அனுமானத்தின் மேல்தான் விலக்கு நிற்கிறது. மசோதாவைக் கொண்டுவந்த காக்ஸும் வைடனும் மூரின் எழுத்தைப் படித்தார்கள் என்பதற்கு நேர்ச்சான்று காட்ட முடியாது. ஆனால் ஸ்ட்ராட்டன் ஓக்மாண்ட் தீர்ப்பைச் செல்லாததாக்குவது சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று என்று இரு அவைகளின் கூட்டுக் குழு அறிக்கை பெயர் சுட்டியே சொல்கிறது. மூரின் சொற்கள் அத்தீர்ப்பிலேயே உள்ளன. இந்த இணைப்பு மெலிதுதான். ஆனால் புத்தகக் கடை வரிசையால் இந்த உட்பிரிவை விளக்கவே முடிவதில்லை.

2024 ஜூலை 1 அன்று மூடி எதிர் நெட்சாய்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை தளங்களின் தேர்வையும் தொகுப்பையும் வெளிப்பாட்டுச் செயலாக மதித்தது. அதற்கு ஆதாரமாகக் கொண்ட முன்தீர்ப்புகளுள் முதன்மையானது, செய்தித்தாளின் ஆசிரியர் உரிமையைக் காத்த 1974ஆம் ஆண்டு டோர்னிலோ தீர்ப்பு. தளங்களின் நீக்கும் உரிமையைக் கட்டுப்படுத்த ஃபுளோரிடாவும் டெக்சஸும் இயற்றிய சட்டங்களின் இறுதி நிலையைக் கீழமை நீதிமன்றங்களுக்கே திருப்பி அனுப்பியதால் கேள்வி முற்றாக முடியவில்லை. என்றாலும் 1990இல் மூர் கோரியதை நீதிமன்றம் பெருமளவு ஏற்றுவிட்டது. ஆகவே பிரிவு 230ஐ நீக்கினால் தளங்களின் தணிக்கை அதிகாரம் போய்விடும் என்ற இன்றைய வாதத்துக்கு வரலாற்று அடிப்படை இல்லை. நீங்குவது பொறுப்பு விலக்கு மட்டுமே. ஆசிரியர் உரிமை அப்படியே நிற்கும்.