வீட்டுக்கு வந்த சினிமாக் காமிரா

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் நிலையை விட்டு அசையும் கணத்தை நீங்கள் பார்த்ததுண்டா? இப்பொழுதெல்லாம் கும்பிடும் கைகளோடு, செல்பேசி பிடித்த கைகளும் உயர்கின்றன. இராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு குடும்பம், தேரையும் அதன்முன் நிற்கும் பேத்தியையும் படமெடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறது. அதற்கென்று தனிச் செலவு ஏதுமில்லை. இதே குடும்பம் அரை நூற்றாண்டுக்கு முன் இப்படி ஆசைப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாருங்கள், பார்ப்போம்.

முதற்காட்சியிலேயே ஒரு குழந்தை

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுச் சலனப்படங்களைக் காட்டினர். அவற்றுள் ஒன்று, அகஸ்தே லூமியேரும் அவர் மனைவியும் தங்கள் கைக்குழந்தைக்கு உணவூட்டும் காட்சி! ஆம், சினிமா பிறந்தபோதே குடும்பப் படமும் பிறந்துவிட்டது. நம் நாட்டில் ஹரிச்சந்திர சகாராம் பட்வடேகர் என்ற புகைப்படக்காரர் வெளிநாட்டுக் காமிரா ஒன்றை வரவழைத்து, 1899-இல் மும்பையில் ஒரு மல்யுத்தப் போட்டியைப் படமாக்கினார்.

ஆனால் அன்றைய 35 மி.மீ. ஃபிலிம் விலை மிகுந்தது. அது நைட்ரேட் வகையைச் சேர்ந்ததாதலால் எளிதில் தீப்பற்றக்கூடியதுங்கூட. அதை வீட்டில் வைத்திருக்க யாருக்குத் துணிவு வரும்?

பாதியாகக் குறைந்த ஃபிலிம்

1923-இல் கோடாக் நிறுவனம் எளிதில் தீப்பற்றாத 16 மி.மீ. ஃபிலிமை வெளியிட்டது. அதுவும் செல்வர்களுக்கே எட்டியது. 1932-இல் அதே நிறுவனம் ஒரு தந்திரம் செய்தது. 16 மி.மீ. அகலச் சுருளில் முதலில் ஒரு பாதியில் மட்டும் படம் விழும். பிறகு சுருளைத் திருப்பி மாட்டினால் மறுபாதியில் விழும். கழுவியபின் நடுவே நீளவாக்கில் வெட்டி ஒட்டினால் 8 மி.மீ. படம் தயார். 25 அடிச் சுருளில் நான்கு நிமிடம் எடுக்கலாம். 1965-இல் வந்த சூப்பர் 8, சுருளைக் கையால் கோக்கும் தொல்லையையும் ஒழித்தது. பெட்டியை உள்ளே சொருகினால் போதும்.

ஆனால் 50 அடி கொண்ட அந்தப் பெட்டி ஓடுவது ஏறக்குறைய 3 நிமிடம் 20 வினாடிதான்! தேர் நான்கு வீதியும் சுற்றி வருவதில் எந்த மூன்று நிமிடத்தை எடுப்பது? காமிராவின் விலை ஒருமுறைச் செலவு. ஃபிலிமின் விலையோ ஒவ்வொரு நிமிடத்துக்கும் செலவு. கழுவும் கூலி வேறு.

காந்த நாடா

இந்த நிமிடச் செலவைக் குறைத்தது காந்த நாடா. பிளாஸ்டிக் நாடாவின்மேல் இரும்பு ஆக்சைடு போன்ற காந்தத் துகள்களைப் பசையுடன் கலந்து பூசியிருப்பார்கள். ஒளி மின்குறிப்பாக மாறி அத்துகள்களைக் காந்தமாக்குகிறது. கழுவ வேண்டியதில்லை, உடனே பார்க்கலாம், அழித்துவிட்டு மீண்டும் பதியலாம். 1976-இல் ஜப்பானில் வி.எச்.எஸ். கேசட் வந்தது. 1983-இல் சோனி நிறுவனம் காமிராவையும் பதிவுக் கருவியையும் ஒன்றாக்கியது. நம் ஊர்களில் பெரும்பாலோர் அதை வாங்கவில்லை; கலியாணத்துக்கு வீடியோக்காரரை அமர்த்தினர். தோளில் காமிராவும், கண்கூசும் விளக்கைப் பிடிக்க ஓர் ஆளும் உங்கள் நினைவுக்கு வரலாம். 1995-இல் படம் எண்களாகப் பதியத் தொடங்கியது. பின்னர் நாடாவும் மறைந்து, காமிரா செல்பேசிக்குள் புகுந்தது.

எது மலிவு?

இங்கேதான் ஒரு விந்தை. சூப்பர் 8 சுருளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் பாட்டியின் முகம் வெறுங்கண்ணுக்கே தெரியும். கேசட்டிலோ கருவியில்லாமல் ஒன்றும் தெரியாது. அக்கருவிகளைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. வெப்பமும் ஈரமும் நாடாவின் பசையைச் சிதைக்கின்றன, பூஞ்சையும் படர்கிறது. செல்பேசிப் படமோ கருவி தொலைந்தால் ஒரே நாளில் போய்விடும்.

ஆகவே காமிரா வாங்கும்போது மூன்று விலைகளைக் கணக்கிடுங்கள்: கருவியின் விலை, நிமிடத்தின் விலை, காப்பாற்றும் விலை. முதலிரண்டும் நூறாண்டில் வெகுவாகக் குறைந்தன. மூன்றாவதை இன்னும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பீரோவில் பழைய கலியாணக் கேசட் இருக்கிறதா? வெண்பூஞ்சை தெரிந்தால் அதை ஓட்டிப் பார்க்காதீர்கள், நாடா அறுந்துவிடலாம். தொழில் தெரிந்தவரிடம் கொடுத்து எண்முறைக்கு மாற்றுங்கள். இரண்டு பிரதிகள் எடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்பது நல்லது.