கொமொரோஸ் அணி: ஆப்பிரிக்கக் கோப்பை வரலாறு

மொசாம்பிக்குக்கும் மடகாஸ்கருக்கும் இடையிலுள்ள கொமொரோஸ் தீவுகளின் தேசியக் கால்பந்து அணி. அத்தீவுகளைச் சூழ்ந்த கடலில் வாழும் தொல்மீனான சீலகாந்த்தின் பெயரே அதன் செல்லப்பெயர். 2005இல் ஃபிஃபாவில் சேர்ந்தது. வீரர்களில் பலர் பிரான்சில் பிறந்தவர்கள்.

ஆப்பிரிக்கக் கோப்பைக்கு முதலில் தகுதி பெற்றது 2021 தொடருக்கு. அது கேமரூனில் 2022 ஜனவரி-பிப்ரவரியில்தான் நடந்தது. காபோனிடமும் மொராக்கோவிடமும் தோற்றபின், நான்கு முறை சாம்பியனான கானாவை 3-2 என வீழ்த்தி வெளியேற்றியது. அகமது மொக்னி இரண்டு கோல் அடித்தார்.

அடுத்து, நாக் அவுட் சுற்றில் கேமரூனுடன் மோதல். ஒரு கோல்கீப்பருக்குக் காயம், மற்ற இருவருக்கும் கொரோனா. இடது பின்கள வீரர் ஷாக்கர் அல்ஹதூர், கோல்கீப்பர் சட்டையில் தன் 3ஆம் எண்ணை டேப்பால் ஒட்டிக்கொண்டு கோல் காத்தார். ஏழாவது நிமிடத்திலேயே கேப்டன் நஜிம் அப்துவுக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு ஆடியும் 1-2 என்றே தோற்றது. யூசுஃப் எம்சங்காமா தொலைவிலிருந்து ஃப்ரீ கிக்கில் அடித்த கோல், வென்றவர்களின் இரு கோல்களையும்விட அழகு.

2023 தொடருக்குத் தகுதி பெறவில்லை. 2025 தொடருக்கான தகுதிச்சுற்றில் துனீசியா இருந்த பிரிவில் தோல்வியே இன்றி முதலிடம் பிடித்தது.