பெயரை மறைத்தால் பொய் பிழைக்கும்

“தனிநபர் பற்றிய தகவல், தர இயலாது.” ஊராட்சியின் கூலிக் கணக்கைக் கேட்ட குடிமகனுக்கு இந்த ஒரு வரி மறுமொழியாக வருகிறது. படிக்கிறான், பெருமூச்செறிகிறான், தாளை மடித்துப் பெட்டியிலே போடுகிறான். அத்தோடு முடிந்தது என்று எண்ணுகிறான். முடிந்துவிட்டதா? முடியத்தான் வேண்டுமா? விடையை வரலாற்றிடம் கேட்போம், வாருங்கள்.

மறைத்து வைத்து ஆள்வது பழைய கலை. ஏட்டைத் தொடாதே, எழுத்தைக் கேளாதே என்று பெரும்பான்மை மக்களைத் தள்ளி வைத்த நாட்டிலே அந்தக் கலைக்குப் பயிற்சி மிகுதி. வெள்ளையராட்சி 1923இல் அலுவலக இரகசியச் சட்டம் இயற்றி அதற்குப் பூட்டும் போட்டது. ஆட்சி சென்றது, பூட்டு செல்லவில்லை! ஸ்வீடன் நாடோ 1766ஆம் ஆண்டிலேயே அரசு ஆவணங்களைக் குடிகள் பார்க்கலாம் என்று சட்டம் செய்துவிட்டது. நம் உச்சநீதிமன்றம் 1975இல், ராஜ் நாராயண் வழக்கிலேதான், பொது ஊழியர்கள் பொதுவாகச் செய்யும் ஒவ்வொரு செயலையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று உரைத்தது.

தீர்ப்பு ஏட்டிலே இருந்தது. அதை நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் மண் சுமந்தவர்கள். இராசத்தானத்திலே 1990இல் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர் அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் சிற்றூரில் மக்களைக் கூட்டிக் கணக்கைப் படித்தது. கூலிப் பட்டியல்களை ஊரறியப் படிக்கும் இத்தகைய மன்றங்களிலே, வேலைக்கே வராதவர் பெயரும் செத்தவர் பெயரும் கூலி பெற்றோர் வரிசையிலே நிற்கக் கண்டனர் மக்கள். 1996இல் பேயாவர் நகரிலே நாற்பது நாள் அறப்போர் நடந்தது. “எங்கள் பணம், எங்கள் கணக்கு” என்பதே அவர்கள் கேட்ட நியாயம்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பொய் எப்படிப் பிடிபட்டது? பட்டியலிலே பெயர் இருந்ததால்! ‘நூறு பேருக்குக் கூலி கொடுத்தோம்’ என்று தொகை மட்டும் படித்திருந்தால், எந்தத் தாய் எழுந்து, “என் மகன் இறந்து ஆண்டுகள் ஆயிற்றே” என்று கூறியிருக்க முடியும்?

தமிழகம் 1997இலேயே தகவல் உரிமைக்குச் சட்டம் செய்து முன்னின்றது. ஆயினும் அதிலே விலக்குகள் ஏராளம். நாடு முழுமைக்குமான தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 8ஆம் பிரிவு தனிமனிதரின் அந்தரங்கத்துக்கும் காப்பளித்தது. பொதுச் செயலோடு தொடர்பற்ற, காரணமின்றி அந்தரங்கத்தைக் குலைக்கும் தகவலைத் தரவேண்டியதில்லை. ஆனால் பொதுநலம் பெரிதெனில் தரவேண்டும். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது. இப்படி அளந்து வகுத்திருந்தனர்.

நாம் அந்தரங்கத்தின் பகைவர்கள் அல்ல. நோயாளியின் நோயும், துன்புற்ற பெண்ணின் முகவரியும் ஊர்ச் சந்தைக்கு வரலாகாது. 2017இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தபோது மகிழ்ந்தோம். எளியவனின் குடிசைக்குக் கதவு வேண்டும். அந்தக் கதவைக் கழற்றி அலுவலகப் பெட்டகத்துக்குப் பொருத்துவதைத்தான் எதிர்க்கிறோம்.

2012இல் ஓர் அலுவலர்மீதான ஒழுங்கு நடவடிக்கை, சொத்து பற்றிய விவரங்களைத் தனிப்பட்டவை என்றது உச்சநீதிமன்றம். 2019இல் அதே மன்றத்தின் ஐந்து நீதிபதிகள், அந்தரங்கத்தையும் பொதுநலத்தையும் துலாக்கோலில் இட்டே முடிவு காணவேண்டும் என்றனர். 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அந்தத் துலாக்கோலை உட்பிரிவிலிருந்து எடுத்துவிட்டு, ‘தனிநபர் தகவல்’ என்ற சொல்லை மட்டும் நிறுத்தியது. 2025 நவம்பரில் அம்மாற்றம் நடைமுறைக்கு வந்தது.

துலாக்கோல் அடியோடு போயிற்றா? இல்லை! அதே 8ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, தீங்கைவிடப் பொதுநலம் மிகுமானால் விலக்குள்ள தகவலையும் வழங்கலாம் என்று இன்றும் கூறுகிறது. மறைக்கவேண்டிய பகுதியை நீக்கி எஞ்சியதைத் தருக என்கிறது 10ஆம் பிரிவு. மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தைக் கேளாமலே வெளியிடுக என்கிறது 4ஆம் பிரிவு. மறுத்தது சரியே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, மறுத்த அலுவலரையே சாரும் என்கிறது 19ஆம் பிரிவு. ஆம், கேட்டவன் கூண்டிலே இல்லை, மறுத்தவரே விளக்கவேண்டும்!

ஆகவே, தோழனே, மடித்து வைத்த தாளை எடு. மறுப்பு கிடைத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேலலுவலருக்கு முதல் மேல்முறையீடு எழுது. அங்கும் நீதி கிட்டாவிடின் தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையத்துக்குச் செல். வசைமொழி வேண்டாம். “இன்னாரின் வாழ்வை நான் கேட்கவில்லை, பொதுப்பணம் சென்ற வழியைக் கேட்கிறேன். வங்கி எண்ணையும் முகவரியையும் மறைத்துவிடுக. பெயரையும் நாளையும் தொகையையும் தருக. பொதுநலம் இன்னது” என்று எழுது. காரணத்தோடு எழுதிய முறையீட்டுக்குக் காரணமில்லாத மறுப்பு விடையாகாது.

கோட் கிரானாவிலே கூடியவர்களுள் எழுத்தறியாதார் பலர். கேட்கத் தெரிந்திருந்தது அவர்களுக்கு. எழுதத் தெரிந்த நாம், ஒரு வரி மறுப்புக்கு அஞ்சி வாயடைத்து நிற்பதா?

மீண்டும் கேட்போம்!