பழைய புல்லட்டும் மங்கிய விளக்கும்

மோட்டார் சைக்கிளில் லைட் சரியாக எரியாவிட்டால் நம் ஊர் மெக்கானிக் சொல்வது, "எர்த் சரியில்லை சார்". நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் வீட்டுக் கரண்டுக்காக மண்ணில் கம்பி புதைப்பதைத் 'தேர்' என்பார்கள் (நம் கோயில் தேர் இல்லை, மண் என்று பொருள்). வண்டியின் இரும்புச் சட்டத்தோடு ஒயரைச் சேர்ப்பதற்கு 'மாஸ்' என்று வேறு சொல் உண்டு. ஆங்கிலேயர் இரண்டையும் 'எர்த்' என்றார்கள், நாமும் அப்படியே வாங்கிக்கொண்டோம். ரப்பர் டயரில் நிற்கும் வண்டிக்கும் மண்ணுக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. இந்த ஒரு சொல்லாலேயே பலர் கோளாறை வேறு இடத்தில் தேடியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

சட்டம் எப்படி ஒயர் ஆனது என்று பார்ப்போம். முதலில் மோட்டார் சைக்கிளில் மின்விளக்கே கிடையாது. கார்பைடு கல்லின் மேல் தண்ணீர் சொட்ட, எழும்பும் கேஸைக் கொளுத்தி எரிப்பார்கள். திருவிழாக் கடைகளில் கார்பைடு விளக்கைப் பார்த்தவர்களுக்கு அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கும். 1920-களில் டைனமோ பரவலாக வந்தது. இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனி, தீப்பொறி தரும் மேக்னெட்டோவையும் விளக்குக்கான டைனமோவையும் ஒன்றாக இணைத்து 'மேக்டைனோ' என்று விற்றது. பல்புக்குப் போக ஓர் ஒயர், திரும்பி வர ஓர் ஒயர் என்று இரண்டு வேண்டும் அல்லவா? திரும்பும் ஒயரை மிச்சப்படுத்திச் சட்டத்தையே அதற்குப் பயன்படுத்தினார்கள். செம்பு மிச்சம், வேலையும் மிச்சம்.

புது வண்டியில் இது நன்றாகவே வேலை செய்தது. துருவும் பெயின்டும் மசகும் சேரச் சேரத்தான் வினை. விளக்கு அணைந்த கோபத்தில் ஆங்கிலேயர்களே லூகாஸை 'இருட்டின் இளவரசர்' என்று கேலி செய்தார்கள். பாவம், பர்மிங்காமில் விளக்கு வியாபாரம் தொடங்கிய ஜோசப் லூகாஸ் 1902-லேயே காலமாகிவிட்டார். டைனமோ விளக்கு மோட்டார் சைக்கிளில் பரவியதை அவர் பார்க்கவே இல்லை.

புல்லட் நம் பக்கம் வந்த கதை பலருக்குத் தெரியும். ராணுவத்துக்கு வேண்டியிருந்ததால், 1955-ல் ரெட்டிச் ஊர்க் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. பிறகு இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டது, மெட்ராஸ் வண்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அதோடு 6 வோல்ட் காலமும் இங்கே வெகு நாள் நீடித்தது.

இந்த 6 வோல்ட்தான் விஷயம். 35 வாட் பல்புக்கு 6 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர் வேண்டும், 12 வோல்ட்டில் அதில் பாதி போதும். வழியில் துருப்பிடித்த ஓர் இணைப்பு, அதன் தடை வெறும் 0.2 ஓம் என்று வையுங்கள். 12 வோல்ட் வண்டியில் அரை வோல்ட்தான் வீணாகும், கண்ணுக்கே தெரியாது. 6 வோல்ட் வண்டியில் ஏறக்குறைய ஒரு வோல்ட் போய்விடும். பல்பின் குணம், வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் பல மடங்கு குறையும். பத்தில் ஒரு பங்கு வோல்ட் போனால் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போச்சு. ஒரு வோல்ட் போனால் பாதி வெளிச்சம்தான் மிஞ்சும். பல்பு நல்ல பல்பு, பேட்டரியும் நல்ல பேட்டரி, ஆனால் எதிரே ஆள் தெரியாது.

எங்கள் அத்தான் (அக்காவின் கணவர்) வண்டிக்கு இதுதான் நடந்தது. தினமும் வேலை முடிந்து கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இருட்டில் வருவார். ஒரே வருஷத்தில் மூன்று பல்பும் ஒரு பேட்டரியும் மாற்றினார். ஒருநாள் கன்னியக்கோயில் பக்கம், விளக்கில்லாமல் போன கரும்பு மாட்டுவண்டியின் பின்னால் மயிரிழையில் தப்பினார். பொழுது சாய்ந்தால் வண்டியை எடுக்கக்கூடாது என்று அக்கா சாவியை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டார். வண்டியை விற்றுவிடலாம் என்ற பேச்சும் வந்தது.

அப்போது ஒரு வயதான மெக்கானிக் வந்தார். பல்பைத் தொடவில்லை. லைட்டைப் போட்டு, ஹேண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பச் சொன்னார். திருப்பும்போது வெளிச்சம் மினுக் மினுக்கென்றது. பிறகு ஒரு கனமான ஒயரின் ஒரு முனையைப் பேட்டரியில் சட்டத்தோடு சேர்ந்த முனையிலும், மறு முனையை ஹெட்லைட் கூட்டின் உட்புற இரும்பிலும் வைத்தார். சுவரில் பளீரென்று வெளிச்சம்!

விஷயம் இதுதான். ஹெட்லைட் முன் ஃபோர்க்கில் இருக்கிறது. கரண்டு திரும்பிச் சட்டத்துக்குப் போக வேண்டுமானால் ஹேண்டில் கழுத்துக்குள் இருக்கும் குண்டுகளையும் கிரீஸையும் தாண்ட வேண்டும். வண்டிக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள், கூடு ஃபோர்க்கில் சேரும் இடத்திலெல்லாம் பெயின்ட். போதாததற்கு நம் கடற்காற்றில் ஒயர் முனைகள் களிம்பேறியிருந்தன. உப்புத்தாளால் தேய்த்து, அந்த ஒயரை நிரந்தரமாகப் பொருத்திவிட்டுப் போனார். கூலி ஒரு பல்பின் விலைகூட இல்லை. அரிசிப் பானையிலிருந்து சாவி வெளியே வந்தது.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். மேலே போன கோப்பு திரும்பி வராவிட்டால் மனு கொடுத்தவர் கீழே இருக்கும் எங்களைத்தான் திட்டுவார். பல்பின் நிலைமையும் அதுதான்.

எல்லாக் கோளாறும் இதுவே என்று சொல்லவில்லை. புல்லட்டின் ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டரை யாரும் கவனிப்பதில்லை. லைட்டைப் போட்டு வண்டி நல்ல வேகத்தில் ஓடும்போதும் முள் மைனஸ் பக்கமே படுத்திருந்தால் சார்ஜ் ஏறவில்லை, அது வேறு வைத்தியம். முள் துள்ளினால் எங்கோ இணைப்பு லூஸ். ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் பல்பு பியூஸ் ஆனால் பேட்டரி முனையைப் பாருங்கள், மிஞ்சும் கரண்டை வாங்கிக்கொள்ள வேண்டிய பேட்டரி தொடர்பற்றுக் கிடக்கலாம். பிரேக் பிடித்தால் பின் விளக்கு பிரகாசிப்பதற்குப் பதில் மங்கினால், பின் மட்கார்டில் திரும்பும் வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

இன்னொன்று. பழைய ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் சட்டத்தோடு சேரும். இன்றைய பிள்ளைகள் பழக்கத்தில் மைனஸை அங்கே முடுக்கினால் ரெக்டிஃபையர் அந்த நிமிஷமே போய்விடும். பேட்டரியைக் கழற்றும் முன் எந்த முனை சட்டத்தில் இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அத்தானின் வண்டி இப்போது பேரனிடம் இருக்கிறது. அவன் செல்போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறான்.