கடலில்லா நகரத்தின் நீர்ப்பறவைகள்

சமுத்திர மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி மேலே, கடலும் துறைமுகமும் அற்ற பெங்களூரில் நீர்ப்பறவைகள் திரளாக வாழ்வதற்குக் காரணம், பாசனத்தின் நிமித்தம் முன்னோர் எழுப்பிய ஏரிக்கரைகளேயாகும். 1537-ஆம் ஆண்டில் கெம்பேகௌடர் நிர்மாணித்த இந்நகரைச் சுற்றி, மேட்டு ஏரியின் மிகுநீர் ராஜகால்வாய் வழியே தாழ்ந்த ஏரியை அடையும் வண்ணம் நீர்நிலைகள் சங்கிலிபோல் அமைந்தன. அவற்றுள் சம்பங்கி ஏரி, கரகத் திருவிழாவுக்கு உரியவர்களான வன்னிகுலத் தோட்டக்காரர்களின் காய்கறித் தோட்டங்களுக்கு நீர் வார்த்து, பின்னர் வற்றி, கண்டீரவ விளையாட்டரங்கமாக மாறிற்று. கரகச் சடங்குக்கென ஒரு சிறு குளம் மட்டும் எஞ்சியது. தர்மாம்புதி ஏரியின் இடத்திலோ இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம்! இதனை அபிவிருத்தி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஏரிகள் இவ்வாறு மறைந்த இந்நகரில்தான், 1970-களில் ஜோசப் ஜார்ஜ் முதலிய அன்பர்கள் பறவை நோக்குவோர் சங்கமொன்றை நிறுவி, 1994-இல் பெங்களூர்ப் பறவைகளின் விரிவான பட்டியலையும் வெளியிட்டனர்.

குளிர்கால வாத்துகள் வடக்கே திரும்பிய பின், கோடையில் ஹெப்பாள் போன்ற ஏரிகளில் என்ன இருக்கப்போகிறது என்று நினைப்பது தவறு. நீர் வடிந்த சேற்றில் நெடுங்கால் உள்ளான் மேய, கூழைக்கடா அலகுப்பையைத் தாழ்த்தி மீனை வாரும். அகன்ற விரல்களால் இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழி இனத்தில், முட்டையிட்டதும் பெட்டை வேறு துணை நாடிச் செல்ல, அடைகாக்கும் பொறுப்பு முழுவதும் சேவலுடையது.